ஸ்பிரிட் அடுப்பு மலையில் மக்கர் பண்ணினால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டு வராந்தாவில் சமர்த்தாக எரிந்த ஸ்பிரிட் அடுப்பு, டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில் ஏறியதும் மக்கர் பண்ணுகிறது. மலைக்குப் போய்வரும் நம் ஆட்கள் அடிக்கடி சொல்லும் புகார் இதுதான். அடுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கைக்குள் அடங்கும் பித்தளைக் குப்பி, அதன் விளிம்பைச் சுற்றிப் பொடித்துளைகள், ஒரு திருகு மூடி, தீயைக் குறைக்க ஒரு வளையம். சுவீடனின் டிராங்கியா கம்பெனி 1951 முதல் செய்துவரும் அடுப்பின் மலிவான நகல். சிலர் குளிர்பான டப்பாவை வெட்டித் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

பம்பு கிடையாது, குழாய் கிடையாது, வால்வு கிடையாது. கெட்டுப்போக உள்ளே அதிகம் ஏதும் இல்லாததால், கோளாறு பெரும்பாலும் அடுப்புக்கு வெளியில்தான் இருக்கும். நான் பார்க்கும் வரிசை இது: முதலில் ஸ்பிரிட், அடுத்து காற்று, அப்புறம் தீக்கும் பாத்திரத்துக்கும் உள்ள இடைவெளி, கடைசியாகத்தான் அடுப்பு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டாவது பர்னர் வாங்கிய பிறகுதான் பாட்டிலை முகர்ந்து பார்க்கிறார்கள்.

கிளம்பும் முன் வீட்டில் ஓர் அளவு

மலையில் அடுப்பு சரியாக எரிகிறதா இல்லையா என்று சொல்ல, சரியாக எரிந்தால் எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். காற்று அடிக்காத இடத்தில், அரை லிட்டர் குழாய்த் தண்ணீரை மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். அடுப்பில் 25 மி.லி. ஸ்பிரிட் ஊற்றுங்கள், மருந்துக்கடையில் ஊசியில்லாமல் கிடைக்கும் சிரிஞ்சு அளப்பதற்கு வசதி. பற்றவைத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் துளைகளில் தீ வந்துவிட வேண்டும். பாத்திரத்தை வைத்ததிலிருந்து ஏழெட்டு நிமிடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

கணக்கும் எளிதுதான். 22 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 163 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு மி.லி. எத்தனால் எரிந்தால் ஏறக்குறைய 21 கிலோஜூல் கிடைக்கும். துளியும் வீணாகாவிட்டால் 8 மி.லி. போதும். ஆனால் பாதிக்குப் பாதி பாத்திரத்தின் ஓரமாக மேலே போய்விடுகிறது. அதனால் 15 முதல் 20 மி.லி. வரை செலவாவது நியாயமான செலவு. 30-ஐத் தாண்டினால் எங்கோ வீணாகிறது என்று அர்த்தம். இந்த அளவை ஒரு சீட்டில் எழுதி அடுப்போடு வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் தராசு.

தீக்குச்சி அணைகிறது, ஸ்பிரிட் பற்றவே இல்லை

முதல் கேள்வி: பாட்டிலில் இருப்பது ஸ்பிரிட்தானா? இங்கே ஹார்டுவேர் கடைத் தட்டில் மெத்திலேட்டட் ஸ்பிரிட், பாரஃபின், டர்பென்டைன், பென்சைன் எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கும். தமிழ்நாட்டில் மண்ணெண்ணெய் என்பதைத்தான் இந்த ஊரில் பாரஃபின் என்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதில் தடுமாறுவதுண்டு. பாரஃபினுக்குத் திரியோ பம்போ வேண்டும். இந்தக் குப்பியில் ஊற்றினால் தீக்குச்சி உள்ளே விழுந்து அணையும். எப்படியோ பற்றிக்கொண்டாலும் கரும்புகைதான் வரும்.

பென்சைன் அதற்கு நேர் எதிர். பெட்ரோல் ஜாதி. திறந்த குப்பியில் குபீரென்று ஆளுயரத்துக்குக் கிளம்பும். அதை இந்த அடுப்பின் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

நமக்கு வேண்டியது ஊதா நிறத்தில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட். ஆப்பிரிக்கான்ஸில் பிராண்ட்ஸ்பிரிட்டஸ் என்று லேபிளில் இருக்கும். பெரும்பகுதி எத்தனால், யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக நஞ்சும் சாயமும் சேர்த்திருப்பார்கள். குவாசூலு-நட்டாலின் சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கழிவுப் பாகிலிருந்து டர்பனிலேயே எத்தனால் எடுக்கிறார்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்கள் கரும்பு வெட்டிய அதே மாகாணம். இந்த எரிபொருளுக்கும் நமக்கும் பழைய உறவு என்று சொல்லலாம்.

சரி, பாட்டிலில் இருப்பது ஸ்பிரிட்தான், ஆனாலும் பற்றவில்லை. அப்படியானால் காரணம் குளிர். எந்தத் திரவமும் தானாக எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. எத்தனாலின் மேல் போதுமான ஆவி சேர ஏறக்குறைய 13 டிகிரியாவது வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இங்கே குளிர்காலமான ஜூலையிலும் டர்பனில் பகலில் அந்தச் சூடு இருக்கும். டிராக்கன்ஸ்பெர்க் மேட்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் உறைநிலைக்குக் கீழே போய்விடும். அதிகாலையில் கூடாரத்துக்கு வெளியே கிடந்த பாட்டிலிலிருந்து ஊற்றினால், தீக்குச்சியை ஏதோ தண்ணீரில் போட்டதுபோல் அணைத்துவிடும்.

வழி இதுதான்: பாட்டிலை இரவில் உறங்குபையின் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா, கசியவில்லையா என்று வீட்டிலேயே தலைகீழாக வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் சட்டைக்குள் பத்து நிமிடம். பித்தளைக் குப்பியையும் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிவிட்டு ஊற்றுங்கள். குச்சியை மேலே காட்டாமல் திரவத்தின் பரப்புக்கு வெகு அருகில், சாய்வாகப் பிடியுங்கள். ஆவி அங்கேதான் இருக்கிறது.

ஸ்பிரிட்டில் சூடத்தைக் கரைத்தால் சட்டென்று பற்றும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கரையும், பற்றவும் பற்றும். ஆனால் அந்தக் கரி பாத்திரத்திலும் துளைகளிலும் படிந்துவிடும். சூடம் தட்டிலேயே இருக்கட்டும்.

பாட்டில் பழையதென்றால் அதையும் சந்தேகப்படுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். டர்பன் மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் சரியாக மூடாமல் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில் பாதி வீரியம் போயிருக்கும். எரிந்து முடிந்ததும் குப்பியின் அடியில் தண்ணீர் மிஞ்சுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தடம் ஈரம் பரவாயில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர் நின்றால் புதிய பாட்டில் வாங்குங்கள்.

நடுவில் எரிகிறது, துளைகளில் தீ வரவில்லை

பித்தளைக் குப்பிக்கு இரட்டைச் சுவர். உள்சுவரின் அடிப்பகுதி வழியாக ஸ்பிரிட் சுவர்களுக்கு இடையே போகும். நடுவில் எரியும் தீ சுவரைச் சூடாக்க, உள்ளே இருக்கும் ஸ்பிரிட் கொதித்து ஆவியாகி விளிம்புத் துளைகள் வழியே வரும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். சுவர் அந்தச் சூட்டை எட்டாதவரை துளைகளில் ஒன்றும் வராது.

பெரும்பாலும் நடப்பது அவசரம். பற்றவைத்தவுடன் பாத்திரத்தை ஏற்றிவிடுகிறோம். குளிர்ந்த பாத்திரம் தீயை அமுக்கிவிடுகிறது. குளிரில் இரண்டு நிமிடம், சில நேரம் மூன்று நிமிடம்கூடப் பொறுக்க வேண்டும். டப்பாவின் பக்கவாட்டில் துளை போட்டு, பாத்திரத்தையே நேராக அதன்மேல் உட்காரவைக்கும் வகைக்கும் இதே பொறுமை தேவை. அதில் ஸ்பிரிட் லேசாகக் கொதிக்கும் சத்தம் கேட்ட பிறகு பாத்திரத்தை வைத்தால், தீ மேல்வாயை விட்டுப் பக்கத் துளைகளுக்கு மாறும். முன்னதாக வைத்தால் அணைந்துவிடும்.

பொறுத்தும் வரவில்லையா? அடுப்பு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். உறைந்த மண்ணும் ஈரப் பாறையும் குப்பியின் சூட்டை அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அலுமினியத் தாள் சுற்றிய சிறு பலகைத் துண்டு ஒன்றைக் கீழே போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். உறங்கப் போடும் ஃபோம் பாயைக் கீழே வைக்காதீர்கள், உருகும். கடும் குளிருக்கு இன்னொரு வழி: ஜாம் பாட்டிலின் தகர மூடியில் இரண்டு மி.லி. ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, அதன்மேல் குப்பியை ஒரு கம்பிவளையத்தில் நிறுத்துவது. பம்பு ஸ்டவ்வுக்கு அடியில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றுவோமே, அதே வேலைதான்.

ஸ்பிரிட்டின் அளவும் கணக்கில் வரும். அடியில் கொஞ்சமாக இருந்தால் துளைகளுக்கு வேண்டிய ஆவி சேராது. விளிம்புவரை ஊற்றினால் துளைகளிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே துப்பும், தீ வெளிச்சுவரில் வழியும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதும்.

சில துளைகளில் மட்டும் தீ இல்லையென்றால் அடைப்பு. மலிவு நகல்களில் துளை போட்ட பிசிறு உள்ளே நிற்பதுண்டு. தையல் ஊசியால் சுத்தம் செய்யுங்கள், ஆனால் பெரிதாக்கிவிடாதீர்கள். துளை பெரிதானால் ஆவி வேகமில்லாமல் சோம்பலாக வரும், தீ மஞ்சளாகும். சொந்தமாகச் செய்த டப்பா அடுப்பில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடத்தில் தீநாக்கு எட்டிப் பார்த்தால் ஒட்டு விட்டுவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்வதே மேல், டப்பாவுக்கா பஞ்சம்?

மஞ்சள் தீ, பாத்திரத்தில் கரி

மெத்திலேட்டட் ஸ்பிரிட்டின் தீ நீலமாக, பகலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருக்கும். நுனியில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் பரவாயில்லை. முழுவதும் அகல்விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கினால் முதலில் எரிபொருளைக் கேளுங்கள். மருந்துக்கடையில் காயம் துடைக்க விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எரியும், சூடும் தரும், ஆனால் கரியும் சேர்த்துத் தரும். அவசரத்துக்குச் சரி.

ஸ்பிரிட் சரியானதுதான் என்றால் காற்று போதவில்லை. காற்றுத்தடுப்பு பாத்திரத்தை இறுக்கிக் கட்டியிருக்கிறதா, அடியில் காற்று நுழைய வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மேலே கரி பிடித்தால் ஸ்பிரிட்டில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலக்கலாம், கரி குறையும். டிராங்கியாக்காரர்களே சொல்லும் யோசனைதான். ஆனால் கடும் குளிரில் இதைச் செய்யாதீர்கள், பற்றவைக்கவே சிரமப்படுவீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பாத்திரத்தின் அடி லேசாகக் கறுத்திருப்பது நல்லது, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். விளக்கிப் பளபளவென்று வைக்கும் நம் வீட்டுப் பழக்கத்தை இந்த ஒரு பாத்திரத்துக்கு விட்டுவிடலாம்.

கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கும் நெடி

இது தனி அறிகுறி, பலர் கரியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். கரி இருக்காது, தீ நீலமாகவே இருக்கும், ஆனால் பாத்திரத்தின் பக்கத்தில் குனிந்தால் கண்ணில் நீர் வரும். தீ முழுவதும் எரிந்து முடிவதற்குள் குளிர்ந்த பாத்திரத்தில் மோதி அணைகிறது. பாதி எரிந்த ஸ்பிரிட் ஆல்டிஹைடாக வெளியே வருகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு நெடி கிடையாது.

பர்னரின் மேல்விளிம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் மூன்று முதல் நான்கு செ.மீ. இடைவெளி வேண்டும். மலிவு செட்டில் வரும் சிலுவைத் தாங்கி பெரும்பாலும் இதைவிடத் தாழ்வாக இருக்கும். மூன்று கூடாரமுளைகளை மண்ணில் குத்தி அதன்மேல் பாத்திரத்தை வைத்து, ஏற்றி இறக்கிப் பாருங்கள். சரியான உயரம் கிடைத்ததும் நெடி நின்றுவிடும். அதே உயரத்துக்குத் தடித்த கம்பிவலையில் ஒரு வளையம் வெட்டி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ரொம்ப உயர்த்தினால் நெடி இருக்காது, சூடும் இருக்காது.

இந்த நெடிக்காகவும் மோனாக்சைடுக்காகவும்தான் கூடாரத்துக்குள் சமைக்கக் கூடாது என்பது. 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அடுக்குமாடி வீட்டுச் சமையலறைகளில்கூட இந்தக் குட்டி அடுப்புகள் ஏறின. வைத்திருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து, திரைச்சீலையைக் கட்டிவிட்டுச் சமையுங்கள்.

தண்ணீர் சூடாகிறது, கொதிக்க மாட்டேன் என்கிறது

உயரத்தைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். மேலே காற்று லேசு, அதனால் அடுப்பு எரியவில்லை என்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டிராக்கன்ஸ்பெர்க்கின் மேல்மேடு ஏறக்குறைய 3,000 மீட்டர். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். ஆக அங்கே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும். ஓடையில் மொண்ட தண்ணீர் 4 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4-லிருந்து 90-க்குப் போக அரை லிட்டருக்கு 180 கிலோஜூல். டர்பனில் 163. வித்தியாசம் பத்து சதவீதம்தான். வீட்டில் எட்டு நிமிடத்தில் கொதித்தது மேலே இருபது நிமிடமாகியும் கொதிக்கவில்லை என்றால், அந்தப் பத்து சதவீதத்தால் அல்ல. காற்றால்.

வாயு அடுப்பின் தீ அழுத்தத்தோடு சீறி வரும். ஸ்பிரிட் தீக்கு அந்தத் தெம்பு கிடையாது, மெல்லிய காற்றிலேயே சாய்ந்துவிடும். கன்னத்தில் லேசாகப் படும் காற்றே நேரத்தை இரட்டிப்பாக்கப் போதும். சென்டினல் சிகரத்தின் பக்கமாகச் சங்கிலி ஏணி ஏறி, டுகெலா அருவிக்கு மேலே கூடாரம் போடுகிறவர்களுக்கு அங்கே அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடையில் காற்றுத்தடுப்பு வாங்கலாம். ஆனால் பிராய், அதாவது திறந்தவெளியில் தணலில் இறைச்சி சுடுவது, போடுகிறவர்களுக்காக சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் அலுமினியத் தட்டு போதும். ஓரத்தை வெட்டி, நீளப் பட்டையாக்கி, விளிம்புகளை மடித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள், அதாவது ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளி அதிகமானால் சூடு பறந்துவிடும். ஒட்டிக்கொண்டால் தீ மூச்சுத்திணறும். உயரம் பாத்திரத்தின் பாதிக்கு மேல் வரட்டும். அடியில் காற்று நுழையத் துளைகள் வேண்டும், அவை காற்று அடிக்கும் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். பாறை மறைவு, முதுகுப்பை, ஷூ எல்லாம் உதவும். தீயிலிருந்து எட்டத்தில் இருந்தால் சரி.

காற்றுக்கு அடுத்தது மூடி. மூடி போடாமல் கொதிக்க வைப்பது பாதி ஸ்பிரிட்டைத் தானம் செய்வது. திறந்து திறந்து பார்ப்பதும் அப்படித்தான். அப்புறம் பாத்திரத்தின் வடிவம்: உயரமான டம்ளர் மாதிரிக் குவளை பையில் வைக்க வசதி, ஆனால் தீயில் பாதி அதன் பக்கவாட்டில் ஏறிப் போய்விடும். 12, 13 செ.மீ. அகல அடியுள்ள தட்டையான பாத்திரம் அதே ஸ்பிரிட்டில் நிமிடக்கணக்கில் முந்திக்கொள்ளும். புதிதாக ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்று கை அரித்தால் பர்னரை விட்டுவிட்டு இந்தப் பாத்திரத்தை வாங்குங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கொதிக்கவில்லையென்றால், அளவுக்கு மீறிய தண்ணீர். இரண்டு லிட்டரை ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு லிட்டராகப் போனால் அடுப்பு தாங்கும்.

கொதித்தது, ஆனால் சோறு நடுவில் கடிக்கிறது

இங்கேதான் உயரம் உண்மையிலேயே வேலை காட்டும். 90 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு தீ போட்டாலும் 90-ஐத் தாண்டாது. இதே மலைத்தொடரில் உள்ள சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். அங்கேயும் இதே கதை. துவரம்பருப்பை அங்கே வேகவைக்க நினைப்பது ஸ்பிரிட்டுக்குப் பிடித்த கேடு.

அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, கொதி வந்ததும் மூடியோடு எடுத்து, கம்பளி ஜாக்கெட்டில் சுற்றி இருபது நிமிடம் வையுங்கள். தீயில்லாமலே வெந்துவிடும். பருப்பென்றால் மைசூர்ப் பருப்பு, அதையும் ஊறவைத்து. என்னைக் கேட்டால் மலைக்கு அவலும் சேமியாவும்தான். கொதிநீர் ஊற்றி மூடினால் முடிந்தது. ரசப்பொடியும் புளிப் பேஸ்ட்டும் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் குளிருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மெல்லிய தீ வேண்டுமென்றால் நகல் செட்டில் வரும் வளையத்தை முக்கால் மூடிய நிலையில் குப்பிமேல் வைக்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது சின்ன இடுக்கியால் பிடித்து வையுங்கள். கையால் எட்டினால் மயிர் கருகும். பல நகல்களில் வளையம் தளர்ந்து ஆடும், தானாக மூடிக்கொள்ளும். அதைத் திருகாணிப் பக்கம் லேசாகத் தட்டி இறுக்கிக்கொண்டால் நிற்கும். டப்பா அடுப்பில் மெல்லிய தீ வராது, முயலவும் வேண்டாம்.

தீ சீறுகிறது, ஸ்பிரிட் பாதியில் தீர்கிறது

நன்றாக எரிகிறது என்று சந்தோஷப்படத் தோன்றும். உண்மையில் அடுப்பு அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. காற்றுத்தடுப்பு இறுக்கமாக இருந்து சூடு குப்பிக்கே திரும்பினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிட் கொந்தளித்துக் கொதிக்கும். தீ பாத்திரத்தைச் சுற்றி மேலேறும். எரிவது வேகமாகும், ஆனால் பாத்திரத்துக்குப் போகும் சூடு அதிகமாகாது. தடுப்பைக் கொஞ்சம் அகட்டுங்கள். டப்பா வகையில் ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் அளந்து ஊற்றுங்கள்.

எவ்வளவு எடுத்துப்போவது என்பதற்கு: இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கொதிநீர் என்றால் 60 மி.லி.; காற்றையும் குளிரையும் நினைத்துப் பாதி கூட்டினால் 90. இரண்டு இரவுக்கு 200 மி.லி. பாட்டில் போதும்.

தீ இருக்கிறதா, அணைந்ததா தெரியவில்லை

பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. இந்த அடுப்பில் பெரிய விபத்துகள் நடப்பது இதனால்தான்: அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுகிறார்கள், தீ ஊற்றும் திரவத்தைப் பிடித்துப் பாட்டிலுக்குள் ஏறுகிறது, பாட்டில் எதிரில் இருப்பவர் மீது தீயைப் பீச்சுகிறது. தீர்ந்ததாகத் தோன்றினால் கையின் புறங்கையை ஒரு முழ உயரத்தில் காட்டிப் பாருங்கள். சூடில்லையென்றாலும் ஐந்து நிமிடம் விடுங்கள். குப்பியைத் தொட முடிந்த பிறகு ஊற்றுங்கள், அதுவும் சிறு மூடியில் அளந்து. பெரிய பாட்டில் எட்டத்தில் மூடியபடி இருக்கட்டும்.

ஊதி அணைக்காதீர்கள், எரியும் ஸ்பிரிட் தெறிக்கும். வளையத்தை முழுவதும் மூடிப் போட்டு அணைக்கலாம். கொட்டி எரிந்தால் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடுங்கள். ஸ்பிரிட் தண்ணீரோடு கலக்கும் என்பதால் தண்ணீரும் கேட்கும், தாராளமாக ஊற்றினால். கொஞ்சமாகத் தெளித்தால் பரப்பிவிடுவீர்கள்.

டிராக்கன்ஸ்பெர்க்கில் குளிர்காலப் புல் பொன்னிறமாகக் காய்ந்து கிடக்கும். அதோடு உள்நாட்டிலிருந்து வறண்ட சூடான காற்று கிளம்பிவிட்டால் ஒரு பொறி போதும். அங்கே விறகுத் தீ மூட்டத் தடை, அடுப்பு மட்டும்தான். தீயைப் பரவவிட்டவர் பொறுப்பேற்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் தேசிய வெட்டவெளி, வனத் தீச் சட்டம் சொல்கிறது. மண்தரை அல்லது பாறை பார்த்து, சுற்றிலும் புல்லை ஒதுக்கி, பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு பற்றவையுங்கள்.

பையெல்லாம் ஸ்பிரிட் வாடை

குப்பியின் திருகு மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அடுப்பு சூடாக இருக்கும்போதே அந்த மூடியைத் திருகினால் ரப்பர் உருகிப் பல்லிளிக்கும். அடுத்த பயணத்தில் கசிவு. அணைப்பதற்கும் அந்த மூடியைப் பயன்படுத்தாதீர்கள். மூடி நன்றாக இருந்தாலும் ஸ்பிரிட்டைக் குப்பியிலேயே விட்டுப் பையில் போடுவது எனக்குப் பிடிக்காது. தடித்த பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலில் தனியாக எடுத்துப்போங்கள். மேலே நஞ்சு என்று பெரிதாக எழுதி, குடிநீர்ப் பாட்டிலோடு கலக்காத பக்கத்தில் வையுங்கள். ஊதாச் சாயம் இருப்பது ஒரு வசதி, ஆனால் இருட்டில் சாயம் தெரியாது.

குப்பியின் உள்ளே பழுப்பாகப் பிசின் மாதிரி படிந்திருந்தால் அது சாயமும் கலப்புப் பொருள்களும் மிஞ்சியது. சூடான வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, ஊசியால் துளைகளை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். உருகிய ரப்பர் வளையத்துக்கு மாற்று, குழாய்ச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். மூடியையே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து, ஸ்பிரிட்டைத் தாங்கும் ரப்பரா என்றும் கேட்டு வாங்குங்கள்.